கொடியில் ஒரு சட்டை

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. உன் ஃபிரேம் கடையும் வீட்டாரும் நலம்தானே? நலமாகவே இருங்கள். குடும்பத்தில் யாராவது நிம்மதியாக இருக்க வேண்டும்.

விஷயம் வேறொன்றுமில்லை. உன் பெரியத்தான், அதாவது என் சகலை, கலைப் புகைப்படம் சேர்க்கிறார் அல்லவா, அந்த வயிற்றெரிச்சல்தான். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே ஆளுக்கொரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார். வெளிச்சம் பட்டால் படம் வெளுத்துவிடுமாம், ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தார், நான் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஒரு காலி பெஞ்ச். மழையில் நனைகிற பெஞ்ச். அதற்கு முன்னால் உன் சின்ன அக்கா வாயடைத்துப்போய் நின்றாள் மச்சான். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு எவ்வளவு ரசனை என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடி மறைப்பானேன், பொறாமைதான்.

என் சுவருக்கு முன்னால் அவள் ஒரே ஒரு தடவை அப்படி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்தப் பெஞ்சைப் படம் எடுத்த அதே புகைப்படக்காரரிடம் நானும் ஒரு பிரிண்ட் வாங்கினேன். கறுப்பு வெள்ளை, துணிக்கொடியில் ஒற்றைச் சட்டை காய்கிறது. அடி ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள். பிரிண்ட் போட்ட கடையில் அடையாளத்துக்குக் குறித்ததாக்கும் என்று நினைத்து, நல்ல ரப்பராகப் பார்த்து வாங்கி, இருந்த இடம் தெரியாமல் அழித்துவிட்டுத்தான் மாட்டினேன். உன் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "யாரோட சட்டை?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சகலை வந்தாரே, சட்டையைப் பார்க்கவே இல்லை, பூதக்கண்ணாடியை எடுத்து அடி ஓரத்தையே துழாவினார்.

"கையெழுத்து எங்கங்க?"

"அழுக்கா இருந்துச்சு. நானே சுத்தம் பண்ணிட்டேன்."

மனுஷர் அப்படியே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பத்தே பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பரும் கையெழுத்தும் போட்டு அதோடு நிறுத்திவிடுவார்களாம், அதுதான் அதன் மதிப்பாம். இப்போது சொந்தக்காரர் வீடெல்லாம் எனக்கு ரப்பர் மாமா என்று பெயர்.

ஆகவே படத்தை இத்துடன் அனுப்புகிறேன். உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தை எங்காவது பார்த்து அப்படியே போட்டுவிடு. சகலையுடைய பெஞ்சு நாலாம் நம்பர், என்னுடையதற்கு ஒன்று என்று போடு. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறார், என் மானம் உன் பென்சிலில் இருக்கிறது.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாகட்டும், கண்டதையும் சேர்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சின்னத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. படத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது உன் அக்கா வந்து வெறும் சுவரைப் பார்த்து நின்றாள். "அதை எதுக்குக் கழட்டினீங்க? தினம் காலைல நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்கிட்டுதான் காபி குடிக்கிறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பராவது, கையெழுத்தாவது. உடனே திரும்ப மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டுத்தான் சட்டையைச் சரியாகப் பார்த்தேன். நல்ல அகலமான தோள், மச்சான். என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். அது யாருடைய சட்டை என்று அந்தப் புகைப்படக்காரரிடம் விசாரித்து உடனே எழுது.