பஜ்ஜியிலிருந்து ஒரு தொடுகோடு

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தாலும் சரி, அடுத்தவர் எங்கே தப்பு பண்ணுகிறார் என்று கண் தானாகத் தேடும். சிவப்பு பேனாவை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டு வரலாம், ஆனால் அந்தப் புத்தி கூடவே வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு அது முற்றிப்போய், என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

அப்போது நான் கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு சிங்கப்பெருமாள் கோயில். அப்பா கம்பெனி பஸ் டிரைவர். தாத்தா காலம் வரை ஊரான் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலாக எம்.எஸ்ஸி. முடித்தவள் நான். (அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.)

அதுவரை வந்த வரன்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேணாம்." நான் முடியாது என்பேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாள். கடைசியில் பாஸ்டரம்மா ஒரு இடம் கொண்டுவந்தார். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், கல்பாக்கத்தில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு மாமல்லபுரம் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்கள். பையன் பெயர் டேனியல். "பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டும்" என்று அவர்களே சொல்லியனுப்பினார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. இந்த இடம் கைவிட்டுப் போனால் இன்னொரு இடம் இப்படி வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் அம்மா எனக்கு மூன்றே வார்த்தைகள் ஒதுக்கினாள். "ஆமாங்க, இல்லீங்க, சரிங்க. இதுக்கு மேல வாயத் தொறந்த, தோலை உரிச்சுடுவேன்."

வந்தார்கள். ஜெபம் முடிந்தது. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, டீ. மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கணக்கு டீச்சராம்மா?"

"ஆமாங்க."

"ஒரு கணக்கு சொல்லுதேன், போடுதியா? எம் பிள்ளையள் எல்லாத்துக்கும் நான் குடுத்த கணக்கு."

"ஏங்க, பொண்ணு பாக்க வந்த இடத்துலயா!" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். பாடச் சொல்லிவிடுவார்களோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த எனக்கோ பாயசம் சாப்பிட்டது மாதிரி இருந்தது.

"சரிங்க" என்றேன்.

x² + y² − 8x − 6y = 0 என்று ஒரு வட்டம். (−3, 4) என்று ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தால் அதன் நீளம் என்ன? இவ்வளவுதான். தொடுகோடு என்றால் வட்டத்தை ஒரே ஒரு இடத்தில் தொட்டுவிட்டு நாசூக்காக விலகிப் போகிற நேர்கோடு. புள்ளியைச் சமன்பாட்டில் போட்டு, வருகிற எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் நீளம் வந்துவிடும். என் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் போடுவார்கள். நான் முழித்துக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை.

ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எனக்கு மைனஸ் இருபத்திமூன்று வந்தது.

மைனஸுக்கு ஏது நீளம்? அப்படி வந்தால் புள்ளி வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடே வரைய முடியாது. ஆக, பெரியவர் தப்பான கணக்கைக் கொடுத்துவிட்டார்! எனக்குள்ளிருந்த சிவப்பு பேனா மூடியைத் திறந்துகொண்டது.

பக்கத்து நாற்காலியிலிருந்து டேனியல் என் பேப்பரை எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அந்த வாயில் ஒரு பஜ்ஜியை வைத்துக்கொண்டார்.

"மாமா, கணக்கு தப்பு" என்றேன்.

பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் நான் பொருளை வைத்துச் செய்து காட்டுவேன். கால் தானாக எழுந்து மூலைக்குப் போனது. அங்கே சாத்தியிருந்த விளக்கமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால். விளக்கமாற்றிலிருந்து.

"இன்னாடி பண்ற?" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது என் காதில் விழவே இல்லை.

"இந்தத் தட்டுதான் வட்டம். இந்த பஜ்ஜிதான் உங்க புள்ளி. பாருங்க, தட்டுக்குள்ள இருக்கிற பஜ்ஜி மேல குச்சியை எப்படித் திருப்பி வெச்சாலும் விளிம்பை வெட்டிக்கினுதான் போவுது. எங்கயாவது தொட்டுக்கினு போவுதா? போவாது மாமா. போவவே போவாது."

மூன்று வார்த்தைக்காரி முன்னூறு வார்த்தை பேசினேன். பெரியவர் குச்சியைப் பார்த்தார், பஜ்ஜியைப் பார்த்தார். "முப்பது வருசமா இந்தக் கணக்கச் சொல்லிட்டிருக்கேன். வயசாயிட்டுல்லா, எங்கயோ ஒரு எண்ண மாத்திட்டேன் போல" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு அதுகூட வெற்றியாகத்தான் பட்டது. "போயிட்டுச் சொல்லியனுப்புதோம்" என்று எழுந்துகொண்டார்கள். குச்சி பட்ட பஜ்ஜிகளை யாரும் தொடவில்லை.

"நல்லா வருவடி நீ" என்றாள் அம்மா. அவள் அழுததைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. அப்பவும், கணக்கு தப்பு தப்புதானே என்று மனசுக்குள் வாதாடினேன்.

மறுநாள் வகுப்பில் அதே கணக்கை போர்டில் எழுதினேன். (தப்பான கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம் நடத்தப்போகிறாளாம் மகராசி!) நான் திரும்புவதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "அஞ்சு மிஸ்!"

"அவசரப்படாதே. நல்லா பாரு. வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வரும்."

"வராது மிஸ். இருபத்தஞ்சுதான் வருது. மைனஸ் எட்டை மைனஸ் மூணால பெருக்கினா ப்ளஸ் இருபத்திநாலு மிஸ்." அதோடு விட்டார்களா? தினமும் நான் கையைத் தட்டித் தட்டிச் சொல்லும் அதே ராகத்தில், மொத்த வகுப்பும் கையைத் தட்டிப் பாடியது. "மைனஸ் இன்ட்டு மைனஸ்... ப்ளஸ்!"

சாக்பீஸ் கையிலேயே உடைந்தது. பெருக்கி வந்த இருபத்திநாலுக்கு முன்னால் நான் மைனஸ் போட்டிருக்கிறேன். புள்ளி வட்டத்துக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தது. நான்தான் அதைத் தூக்கிப் பஜ்ஜித் தட்டுக்குள் போட்டவள்.

வரன் போனது போகட்டும். அந்தப் பெரியவர் முப்பது வருஷமாக ஆசையாகச் சொல்லிவந்த கணக்கு தப்பு என்று நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாரே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை கிளம்பினேன்.

"பொண்ணு மாப்ள வூட்டத் தேடிக்கினு போவுமா? ஊரு இன்னா சொல்லும்?" என்று அம்மா வாசலை மறித்தாள். அப்பா வண்டியை எடுத்து, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். மாமல்லபுரத்தில் இறங்கியதும் உளிச் சத்தத்தில் அத்தனையும் மறந்துபோனது.

வீட்டு வராந்தாவில் பெரியவரும் டேனியலும் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"மாமா, உங்க கணக்கு சரி. அஞ்சு. நான்தான் குறியைத் தப்பா போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

பெரியவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சுதானே! ஆரமும் அஞ்சு, தொடுகோடும் அஞ்சு. அந்தப் புள்ளியிலருந்து ரெண்டு தொடுகோடு போடலாம்லா? ரெண்டும் ஒரே நீளம். தொடுத இடத்துல ஆரத்துக்குச் செங்குத்தா நிக்கும். ரெண்டு ஆரம், ரெண்டு தொடுகோடு, சேத்தா அச்சா ஒரு சதுரம்! அந்த அழகுக்காகத்தானம்மா அந்தக் கணக்கையே வச்சிருந்தேன்." ஒரு விரலால் காற்றிலேயே சதுரம் போட்டுக் காட்டினார். அவ்வளவு அழகான ஒன்றையா நான் விளக்கமாற்றுக் குச்சியால் குத்தினேன்? அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்போது டேனியல் மெதுவாகச் சொன்னார். "எனக்கு அன்னைக்கே தெரியுங்க. நீங்க எழுதும்போதே பாத்துட்டேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "தெரியுமா?"

"உங்க வீட்டு ஆளுங்க முன்னாடி உங்கள எப்படிங்க..."

"அதுக்காக? உங்கப்பா மூஞ்சி அப்பிடி வாடிப்போச்சு, பாத்துக்கினு பஜ்ஜியா துன்னுகினு இருந்தீங்க? எனக்கு மானம் போனா போவட்டும்யா! அவுரு தன் புத்தியே கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுகினு போனாரே, அப்பவாவது வாயத் தொறந்தியா? வூட்டுக்கு வந்தப்புறம்கூட ஒரு வார்த்தை சொல்லல? நீயெல்லாம் ஒரு புள்ளையா?"

'யா'வும் 'நீ'யும் வெளியே வந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. இன்னொருத்தர் வீட்டு வராந்தாவில், செருப்புக்காலோடு, அவர்கள் பிள்ளையையே திட்டிக்கொண்டு. சரி, எல்லாம் முடிந்தது, பஸ்ஸைப் பார்ப்போம் என்று திரும்பினேன்.

"ஏட்டி, டீ போடு!" என்று பெரியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "இந்த வீட்டுல எனக்காகச் சண்டை போட ஒரு ஆளு வந்திருக்கு."

அந்த டீயைக் குடிக்கும்போதே நான் டேனியலிடம் ஒரு நிபந்தனை போட்டேன். நான் தப்பு பண்ணினால், யார் இருந்தாலும் சரி, அங்கேயே அப்போதே சொல்லிவிட வேண்டும். அவர் "சரிங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனிதர் ஒருநாள்கூட அதை மீறியதில்லை. (இந்த நிபந்தனையை ஏன்தான் போட்டேனோ!)

வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். சிவப்பு பேனாவும் அப்படியேதான் இருக்கிறது, யாரிடமாவது அதை நீட்டுவதற்கு முன்னால் மட்டும் குறியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்து நான் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தால், மாமா உடனே சாப்பிடமாட்டார். ஒரு பஜ்ஜியை எடுத்துத் தட்டுக்கு வெளியே, டீப்பாய் மேல் தனியாக வைப்பார். விருந்தாளிகள் முழிப்பார்கள். என் அம்மா இருந்தால், "எண்ணெக் கறைய யாரு தொடைக்கிறது?" என்று முனகிக்கொண்டே சிரிப்பாள். மாமா அந்த பஜ்ஜியையும் பார்த்து, என்னையும் பார்த்து, உள்ளே திரும்பிக் கத்துவார்.

"டேனியலு, அந்த விளக்கமாத்துக் குச்சிய எடுத்துட்டு வாடே. புள்ளி வெளிய வந்துட்டு."