கெராட்டின் அங்கிளும் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்த ஆடும்

மனிதத் தலைமுடியை கெராட்டின் அங்கிள் அளவுக்கு வெறுத்த ஆள் மலேசியாவில் கிடையாது. அவருக்கும் முடிக்கும் ஏழு ஜென்மப் பகை.

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இயந்திரத்துக்கு அவர்தான் காவல். நான் கிள்ளானிலிருந்து வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டிகளில் எந்தப் புரதம் எதனோடு கூட்டுச் சேர்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கட்டியிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை நான் கொடுப்பேன்; அதில் என்னென்ன இருக்கிறது என்று இயந்திரம் எடைபோட்டுச் சொல்லும். தொல்லை என்னவென்றால், நம் முடியிலும் தோலிலும் கெராட்டின் என்றொரு புரதம் இருக்கிறது. துளி விழுந்தால் போதும், இயந்திரம் அதன் கதையையே அளந்துகொண்டிருக்கும். நாம் தேடியது அமுங்கிப் போகும்.

அதனால் அங்கிள் வாசலிலேயே நிற்பார். என் பின்னலை இரண்டு தொப்பிக்குள் திணிக்க வைப்பார். தலையைச் சொறிந்தவர்களுக்கு அன்றைக்கு அனுமதி இல்லை. புரொபசர் ஒருநாள் ஏதோ யோசனையில் தாடியைத் தடவிவிட்டார். அங்கிள் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார். தான் மட்டும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் மொட்டை அடித்துக்கொண்டு வருவார். பத்துமலை வேண்டுதலா என்று கேட்டால், "முருகனுக்கு இல்ல லா, மெஷினுக்கு" என்பார்.

என் மாதிரிகள், அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த சின்னஞ்சிறு துண்டுகளிலிருந்து வந்தவை. திரும்பப் போய்க் கேட்க முடியாது. உதவித்தொகை வேறு மூன்று மாதத்தில் முடிகிறது. இவை கெட்டால் என் நாலு வருடப் படிப்பு அம்பேல்.

கெட்டேவிட்டன. முடிவைப் பார்த்த அங்கிளின் முகம் சுண்டிப் போனது. எல்லா மாதிரியிலும் கெராட்டின். அதுவும் மனிதனுடையது அல்ல, செம்மறியாட்டினுடையது.

"கிள்ளான் பொண்ணே, யாரோ கம்பளி போட்டுக்கிட்டு உள்ள வந்திருக்காங்க."

ஒரு வாரம் விசாரணை நடந்தது. பைகளைக் கொட்டிப் பார்த்தார். என் துப்பட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரொபசரின் கால்சட்டைத் துணியைக்கூட நிமிண்டிப் பார்த்தார். கிள்ளான் வெயிலிலிருந்து வருகிறவள் கம்பளிக்கு எங்கே போவேன்? நான் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து சோதனைக்கு நிற்பேன்.

வெள்ளிக்கிழமை, மேசைக்கடியில் இன்னும் ஏதாவது தடயம் இருக்கிறதா என்று அங்கிள் குனிந்தார். ஆய்வுக்கூடத் தொப்பி நழுவியது. உள்ளே நீல நிறத்தில் இன்னொரு தொப்பி. மெல்போர்னில் இருக்கும் மகள் கம்பளியில் பின்னி அனுப்பியது. மெஷின் அறையின் ஏர்கான் குளிரை மொட்டைத் தலை தாங்கவில்லையாம்.

"அங்கிள், தலையில என்ன?" என்றேன்.

தொட்டுப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நேராகப் புரொபசரிடம் போய், ஆடு நான்தான் என்று ஒப்புக்கொண்டார். திரும்பி வந்து உறைபெட்டியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதில் என் மாதிரிகள்.

"நீ குடுத்ததுல பாதியதான் மெஷின்ல போட்டேன். ஆடு யாருன்னு தெரியாம மீதிய வெளிய எடுக்கப் பயமா இருந்துச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அங்கிள். ஒரு வாரமா அழுவுறேன்."

"அழுதுக்கோ. ஆனா இங்க வேணாம் லா."

மீதியை மறுபடி மெஷினில் ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் ஆனது. குளிரில் காது சிவக்க, கம்பளி இல்லாமல், மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தால் மட்டும் தாழ்வாரத்துக்கு ஓடுவார். போய் ஓய்வெடுங்கள் என்று சொன்னதற்கு முறைத்தார். கடைசியில் திரையில் என் புரதங்கள் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஒன்றோடொன்று கைகோத்து விரிந்தன. ஆடு எங்கேயும் இல்லை. "சுத்தமா இருக்கு" என்று மட்டும் சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. தோல் உதிரும் என்று திட்டுவாரே என்று சும்மா நின்றுவிட்டேன். திட்டினால் திட்டட்டும் என்று கட்டிப்பிடித்திருக்க வேண்டும்.