அவசரப் பிரேரணை

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆர்ச் கட்டியே தீருவது என்று தொண்ணூத்தெட்டாம் வருசம் நான் முடிவெடுத்தேன். நான் என்றால் சாதாரண ஆளில்லை. தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். வீட்டில் புஷ்பத்தின் புருசன். மூன்றில் கடைசி உத்தியோகம்தான் கஷ்டமானது.

சமயமும் வாய்த்தது. கொழும்பிலிருந்து யாரோ புண்ணியவான்கள் ஒரு லொறி சீமெந்தும் கல்லும் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதை வைத்து என்ன கட்டுவது என்று சனிக்கிழமை கூட்டம். ரத்தினபுரியிலிருந்து கல்வி அதிகாரியும் வருகிறார். பள்ளிக்கூட அதிபருக்கும் ஆர்ச்சில்தான் ஆசை. பிரேரணை கொண்டுவருவது நான்.

"ஆர்ச்சா?" ரொட்டி தட்டிக்கொண்டிருந்த புஷ்பத்தின் கை நின்றது. "பொம்பளைப் புள்ளைங்களுக்கு அங்க கக்கூஸே இல்ல. இருந்த ஒண்ணும் போன மழையில இடிஞ்சது இடிஞ்சதுதான். பயலுக புதர் பக்கம் ஒதுங்கிருவாங்க."

"அத அடுத்த வருசம் பாத்துக்கலாம். முதல்ல வாசல். வாசல் இல்லாத வீடு உண்டா?"

"கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு வாசல் எதுக்குங்க? வெளிய ஓடவா?"

"ஆர்ச் இருந்தா கஹவத்தை பஸ்ல போறவன்லாம் திரும்பிப் பாப்பான்!"

"பஸ்ல போறவன் புள்ளையா அங்க படிக்குது? உங்க மக படிக்கிறா. காலையில போனா வீடு வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. வந்ததும் பைய வீசிட்டு ஓடுறா. வயித்து வலின்னு டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனா, தண்ணி குடிக்கச் சொல்றாங்க. எப்புடிக் குடிப்பா?"

மூலையில் கணக்குச் செய்துகொண்டிருந்த தனுஜா தலையை நிமிர்த்தவில்லை. எட்டாம் ஆண்டு படிக்கிறாள். என் ஒரே மகள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கெல்லாம் ஒரு தலைவன் வளைந்து கொடுத்தால் ஆர்ச் எப்படி வளையும்?

"பொம்பளைங்களுக்கு நிர்வாகம் புரியாது," என்றேன்.

புஷ்பம் ரொட்டியைக் கல்லில் போட்டாள். "சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வாக்கியம். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை எழுந்ததும் பெரிய கோப்பையில் இஞ்சிப் பிளேன்டீ. "பேசப் போறவங்க. தொண்டை காயக் கூடாது." பின்னாலேயே பார்லித் தண்ணி. "குரல் கணீர்னு வரும்." புறப்படும்போது ஒரு செவ்விளநீர். "சூடு தணியும்."

இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன தவம் செய்தேன்! கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். தோளில் பிளாஸ்க்கோடு பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்தாள்.

மேடையில் எனக்கு நாற்காலி. ஒரு பக்கம் அதிபர், மறுபக்கம் அதிகாரி. வரவேற்புப் பாட்டு முடிவதற்குள் என் அடிவயிற்றில் தனியாக ஒரு கூட்டம் கூடிவிட்டது. கால்மேல் கால் போட்டேன். மாற்றிப் போட்டேன். முன்னால் தோட்டமே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் மலையில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். வலப்பக்கம் பஸ் ரோடு. இடப்பக்கம் கோயில். தப்பிக்க ஒரு புதர்கூட இல்லை.

"சார், கூட்டத்தக் கொஞ்சம் ஒத்திவைக்கலாமா?" அதிபரின் காதோடு கேட்டேன்.

"ஏன் ஏழுமலை? அடுத்த பேச்சு நீங்கதானே?"

கூட்டத்தை ஒத்திவைக்கலாம். மற்றதை ஒத்திவைக்க முடியாது.

அந்த நேரம் பார்த்துப் புஷ்பம் எழுந்தாள். "சார், ஒரு கேள்வி. ஆர்ச் எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?"

அதிபர் மகிழ்ந்துபோய் நீட்டி விளக்கினார்.

"என்ன கலர் சார்?"

அதற்கு இன்னும் நீளமான விளக்கம். அவள் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, கோப்பையில் டீ ஊற்றினாள். உயரத்திலிருந்து. மெதுவாக. நீளமாக. அந்தச் சத்தம் அவ்வளவு கூட்டத்திலும் எனக்கு மட்டும் கேட்டது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நிமிர முடியவில்லை. எதிரே, பாட்டுப் பாடிய பிள்ளைகளின் வரிசையில் தனுஜா. கால்களை ஒட்டி வைத்து, உதடு காய்ந்து, சற்று முன்வரை நான் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு இந்த ஒரு காலைதான். அவளுக்குத் தினமும்.

"பெரியோர்களே! ஒரு அவசரப் பிரேரணை!" குரல் உண்மையிலேயே கணீரென்று வந்தது. "ஆர்ச் வேணாம்! நம்ம பொம்பளைப் புள்ளைங்களுக்கு மலசலகூடம் வேணும்! அடுத்த வருசம் இல்ல, உடனே! தாங்க முடியாது ஐயா, தாங்க முடியாது!"

"ஆமோதிக்கிறேன்!" புஷ்பத்தின் குரல்.

பெண்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அதிகாரி "ஹரி! ஹரி!" என்று சிங்களத்தில் சரி சொல்லி மேசையைத் தட்டினார். அதிபரும் வேறு வழியில்லாமல் கைதட்டினார். கைதட்டல் ஓய்ந்தபோது நான் மேடையில் இல்லை. லயத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். புகழுக்கு நிற்காத மனிதன் என்று தோட்டத்தில் இன்றைக்கும் பேச்சு.

மழைக்கு முன்பே கட்டி முடித்தோம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் தனுஜா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு தண்ணிப் போத்தல் வேணும். பெருசா."

கஹவத்தைக் கடைகளில் இருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்தேன். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தபோது, எந்த ஆர்ச்சும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

விழாவில் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மிஸ்டர் ஏழுமலை, நான் எத்தனையோ கூட்டம் பாத்திருக்கேன். புள்ளைங்களுக்காகக் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குப் பேசின தகப்பன் நீங்க மட்டும்தான்."

நெஞ்சை நிமிர்த்திப் புஷ்பத்தைப் பார்த்தேன். "கேட்டியா?"

"கேட்டேங்க." என் சட்டைக் காலரை ஆசையாகச் சரிசெய்துவிட்டாள். "கண்ணோட நின்னுச்சே, அதுவே பெரிய புண்ணியம்."