மாமாவின் பத்தாவது கைசனும் கொழுப்பு மாத்திரையும்

ஓசூர்,
ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய குருமூர்த்தி மாமா அவர்களுக்கு, அக்காள் மகன் ராஜசேகர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் பைக்கும் நலம். உத்தனப்பள்ளியில் அத்தையும் தக்காளித் தோட்டமும் நலமா? உங்கள் நலத்தை விசாரிக்கவில்லை, சண்டை போடத்தான் எழுதுகிறேன். போன் செய்தால் "டவர் இல்லடா"ன்னு வச்சிடறீங்க, அதனால் இதைச் சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ரெண்டு மாசம் முன்பு காதுகுத்துப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்தது என் தப்பு. "இந்த மெட்ஃபார்மினைத் தின்னு என்னத்தடா கண்டேன்?" என்று அலுத்துக்கொண்டீர்கள். ஆறுதலாக, அந்தச் சர்க்கரை மாத்திரை ரத்தக்குழாயின் அழற்சியையும் குறைக்கலாம், இருதய நோய் அபாயமும் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன என்றேன். இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சொன்னேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

வேலையில் எது வீண் என்று கண்டுபிடித்து நீக்கி, ஃபேக்டரியில் ஒன்பது கைசன் பரிசு வாங்கியவரிடம் இதைச் சொல்லலாமா? "ஒரு பார்ட்டே ரெண்டு வேலை செஞ்சா இன்னொண்ணு வேஸ்ட்டு" என்று, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொழுப்பு மாத்திரையை நிறுத்தி, 'முன்பு: இரண்டு, பின்பு: ஒன்று' என்று படம் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டி, ஒப்புதல் கையெழுத்தையும் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்து முனிவேல், சர்க்கரையே இல்லாத மனுஷன், இருதயத்துக்கு நல்லதென்று உங்கள் டப்பாவிலிருந்து மெட்ஃபார்மினை மூணு நாள் எடுத்து முழுங்கி, வயிறு கலங்கி, ராயக்கோட்டை பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஓடியிருக்கிறார். "இருதயம் ஜம்முனு இருக்குது தம்பி, மத்ததுதான் நிக்க மாட்டேங்குது" என்கிறார்.

மாமா, உங்களுடையது ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. ஆயில் நல்லா இருக்குன்னு மிஷின்ல கூலன்ட்டை மூடுவீங்களா? கேட்டால், "பாருடா இஞ்சினீயரு, நிறுத்தி ஆறு வாரம், கொழுப்பு ஏறவே இல்ல"ன்னு ரிப்போர்ட் அனுப்பறீங்க. நேற்று அந்த லேப்புக்கே போய், "மிஷினை எப்ப கேலிபரேட் பண்ணீங்க?" என்று கத்தினேன். "டோக்கன் எடுத்துட்டு வந்து கத்துங்க சார்" என்றார் அங்கிருந்த பெண். அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க, கிழிச்சுப் போடுங்க. இன்று ராத்திரியே கொழுப்பு மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள். நாளைக்கு டாக்டர். லீவு போட்டுவிட்டேன், நானே வந்து பைக்கில் தூக்கிப் போகிறேன்.

உங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும். அதை இன்னும் முப்பது வருஷம் தருகிற உடம்போடு நீங்கள் இருக்கவும் வேண்டும்.

கோபத்துடனும் பிரியத்துடனும்,
ராஜசேகர்

பி.கு.: கவரை ஒட்டும்போது அத்தை போன் செய்தார். "லேப்புக்காரங்கள ஏன்டா வையற? உங்க மாமன் ஒரு நாளும் நிறுத்தல. தினமும் நான்தான் அந்த மாத்திரையைப் பொடிச்சு அவரு குழம்புல கலக்கறேன்." ஆகவே ரிப்போர்ட் சரி, லேப் சரி, மேலே எழுதியதுதான் தப்பு. இன்று ராத்திரி தனியாக மாத்திரை போட்டுவிடாதீர்கள், டபுள் டோஸ் ஆகிவிடும். குழம்பிலா, கையிலா என்று அத்தையிடம் கேட்டுவிட்டு முழுங்கவும்.