கதவுக்குக் கதவு ஸ்பீக்கர்

இந்தத் தடவை மனைவியிடம் கேட்கப் போவதில்லை, சொல்லப் போகிறேன் என்று முடிவெடுத்தார் கண்ணாடிக்காரர். கேட்பதற்கும் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டாவதை அவர் முயற்சி செய்து பார்த்ததே இல்லை.

ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். அடுத்தவர் பார்வையில் எங்கே கோளாறு என்று நொடியில் சொல்லிவிடுவார். அந்த வித்தை கடையோடு சரி. வீட்டில் டிவி மகளுடையது. சோபா மனைவியுடையது. பால்கனி துணிமணிகளுடையது. அவருக்கென்று மிஞ்சிய ஒரே அறை, வாசலில் நிற்கும் ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டிதான். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் வீட்டுக்குள் போக மாட்டார். வண்டியிலேயே ஜன்னலை ஏற்றிவிட்டு, சீட்டைச் சாய்த்து, பழைய பாட்டு நாலு கேட்பார். அப்புறம்தான் மனிதர்களோடு பேசுவார்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. கதவில் இருந்த ஸ்பீக்கர்கள் கிழிந்துபோயின. எந்தப் பாடகர் பாடினாலும் ஜலதோஷம் பிடித்துப் பாடினார்.

"இங்க பாரு, வண்டிக்கு ஸ்பீக்கர் மாத்தப் போறேன். பாதுகாப்பு விஷயம். இது போடற கரகரப்புல பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சாக்கூட காதுல விழ மாட்டேங்குது."

மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் மட்டுமல்ல, பொய்கூட வரிசையில் கொஞ்சம் வளைந்து நின்றால் கண்டுபிடித்துவிடுவாள்.

"கரகரன்னு இருந்தா ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்களேன்."

கண்ணாடிக்காரர் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. மாத்திக்கலாம். நானும் கடைக்கு வரேன்."

இவ்வளவு சுலபமாகவா! அவர் வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டே போனார். முதலில் இருப்பதிலேயே பெரியதைக் காட்டவேண்டும். அவள் கத்துவாள். உடனே பெருந்தன்மையோடு நடுத்தரத்துக்கு இறங்கிவிடவேண்டும்.

கடையில் நேராகப் போய் ஒரு பூதத்தைத் தொட்டுக் காட்டினார். "இது எப்படி?"

டீச்சர் அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "இதவிடப் பெருசு இல்லையா?"

அவர் இறங்குவதற்காக வைத்திருந்த படியை யாரோ உருவிவிட்ட மாதிரி இருந்தது.

விற்பனைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "இருக்கு மேடம்! நாலு கதவுக்கும் இது, டிக்கியில பெரிய பெட்டி. பேஸ் அள்ளும்!"

"பேஸ் இருக்கட்டும். பேசினா தெளிவாக் கேக்குமா?"

"கேக்கும் மேடம்."

"வண்டிய நிறுத்திட்டு எல்லாக் கதவையும் திறந்து வெச்சா?"

"தெருவே கேக்கும் மேடம்."

"மைக் மாட்டலாமா?"

கண்ணாடிக்காரர் குறுக்கே புகுந்தார். "வண்டிக்குள்ள மைக் எதுக்கு?"

"நீங்க நல்லாப் பாடுவீங்களேன்னுதான்."

அவர் குளியலறையில் பாடும்போதெல்லாம் கதவைத் தட்டி, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டவள் இவள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கையும் அவரே தேர்ந்தெடுத்தார், நீளமான வயரோடு.

"கொடுத்துவெச்சவர் சார் நீங்க," என்றார் விற்பனைக்காரர்.

அன்று சாயங்காலம் வண்டிக்குள் பாடகர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து பாடினார். வரிகளுக்கு நடுவில் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. இவ்வளவு நல்ல மனைவியைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் வண்டி இல்லை. மனைவியும் இல்லை. பதறிப்போய்த் தெருமுனைவரை தேடிவிட்டு, சாப்பாட்டுப் பையோடு தன் கடைக்கு நடந்தார். விளையாட்டு மைதானம் வருவதற்கு முன்பே அந்தக் குரல் வந்துவிட்டது.

"இடுப்ப வளைங்க! மூச்ச விடுங்க! பேச்சையும் விடுங்க!"

மைதானத்தின் நடுவில் அவருடைய வண்டி, இறக்கை விரித்த கோழி மாதிரி எல்லாக் கதவையும் திறந்துகொண்டு நின்றது. எதிரே வரிசை வரிசையாக ஊர்ப் பெண்கள். டிக்கிப் பக்கம் மைக்கோடு டீச்சர்.

"என்ன இது?" என்று ஓடினார்.

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். "உடற்பயிற்சி வகுப்புங்க. இத்தனை பேருக்குக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இப்பதான் நிம்மதி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா சின்னதா வாங்கியிருப்பீங்க."

அவர் சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "சாயங்காலமாவது வண்டி வாசலுக்கு வருமா?"

"சாயங்காலம்தாங்க கூட்டமே அதிகம்."

"அப்ப நான் எங்க போய்ப் பாட்டுக் கேக்கறது?"

டீச்சர் மைக்கிலிருந்து கையை எடுத்தாள். "வகுப்பு முடியும்போது பாட்டுதான் போடுவேன். பின் வரிசையில இடம் இருக்கு. பையக் கீழ வெச்சிட்டுக் குனியுங்க."

கண்ணாடிக்காரர் குனிந்தார்.