டொக்கென்று சத்தம் போடும் டைல்

பயம் என்பது எனக்குக் கிடையவே கிடையாது. (தரையில் நிற்கும்வரை.)

திருமுல்கேரியில் எங்கள் வீட்டுக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தோம். தளம் போட்டாயிற்று, படிக்கட்டு இன்னும் வரவில்லை. சாரத்தில் ஏறித்தான் மேலே போக வேண்டும். அந்த நேரம் பார்த்து, மகள் வசந்தியைப் பெண் பார்க்க மாதாப்பூரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். வாசலெல்லாம் மண்ணும் ஜல்லியும். என் கௌரவம் என்ன ஆவது?

"யாதையா, முதல்ல கார் நிறுத்துற இடத்துக்கு டைல்ஸ் போடு," என்றேன்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நக்கோ, வேண்டாம் அம்மா. முதல்ல படி, அப்புறம் பூச்சு, கடைசிலதான் டைல்ஸ். இல்லேன்னா எல்லாம் ரெண்டு வேலை."

"வீடு யாரோடது?"

"உங்களுதுதான் அம்மா."

"அவங்க வர்றதுக்குள்ள அந்தச் சாரத்தையும் பிரிச்சிடு. பாக்க அசிங்கமா இருக்கு."

அவர்கள் வரும் நாளன்று, மேலே குப்பை கிடக்கிறதா என்று பார்க்க ஏறினேன். (யாரிடமும் சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?) பின்பக்கம் நின்று அடுத்த வீட்டம்மாவோடு ஊர்க்கதை பேசி முடித்துத் திரும்பினால், சாரத்தைக் காணோம். அது நின்ற இடத்திலும் டைல்ஸ் பளபளத்தது.

கைப்பிடிச் சுவர்கூட இல்லாத தளம். அப்படியே உட்கார்ந்து, தூணில் நீட்டியிருந்த கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"யாதையா, ஏணி வை."

"ஈர டைல்ஸ் அம்மா. நாளைக்கு வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அப்போதுதான் கேட்டில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க, மேலயே உக்காந்துட்டீங்க?"

"காத்து நல்லா வருது," என்றேன். பல் தந்தியடித்தது. இந்தச் சம்பந்தம் போச்சு, இடி விழுந்தால் என் உயிரும் போச்சு என்று நினைத்தேன்.

இடி இடித்தது. நான் அலறிய அலறலில் மாப்பிள்ளைப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர டைல்ஸ்மேல் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டான்.

"கீழ பாக்காதீங்க அத்தை. ஒவ்வொரு காலா வைங்க. வந்துட்டீங்க அத்தை."

தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். அவன் அம்மா பெருமூச்சு விட்டார். "இவனே அத்தைன்னு கூப்பிட்டுட்டான். இனிமே நாம பேச என்ன இருக்கு?"

கல்யாணம் நடந்தது. டைல்ஸைத்தான் பெயர்த்து ஒட்டினோம். பிறகு படிக்கட்டுக்காக இன்னொரு முறை பெயர்த்தோம். அப்படியும் ஏணி நின்ற இடத்தில் ஒரு டைல் மட்டும் அடியில் கலவை பிடிக்காமல் பொள்ளலாகவே இருக்கிறது.

இன்றைக்கும் நான் ஏதாவது வேலையை "முதல்ல இதைச் செய்" என்று அதட்டினால், மருமகன் எழுந்து வாசலுக்குப் போய் அந்த டைலை ஒரு மிதி மிதிப்பார்.

டொக்.

நானும் வாயை மூடிக்கொள்வேன்.