தீமைக்கு விளக்கம் கண்ட நாடு

வெள்ளரிக்கும் விளக்கத்துக்கும் பேர்போன நாடு ஒன்று இருந்தது. கோடையில் ஆறு வற்றினால் குடிகள் மணலிலேயே குடிசை போட்டு வெள்ளரி பயிரிடுவார்கள். விளக்கமோ அரண்மனையில் வருடம் முழுக்க விளையும். நான் அந்த அரசில் சின்ன உத்தியோகஸ்தன், பார்த்ததைச் சொல்கிறேன்.

மேலணையின் மதகைத் திறக்குமுன் மூன்று முறை முரசடித்து ஆற்றில் இருப்பவர்களைக் கரையேற்றுவது அங்கே வழக்கம். அந்தப் பங்குனியில் மகாராசர் அதிரூபசேனருக்குத் தெப்பத்தில் உலாப்போக ஆசை வந்தது. தெப்பம் மிதக்கத் தண்ணீர் வேண்டும். முரசையோ ஊர்வலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடிக்காமலே மதகு திறந்தது. பட்டப்பகலில் வந்த வெள்ளம், வெள்ளரிப் பாத்தியில் நின்ற ஆறு வயதுப் பொன்னுருவியை வாரிக்கொண்டு போயிற்று. இன்னும் பல பிள்ளைகளும் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவள் தாய் இருசாயி அரண்மனைக்கு வந்தாள். "சாமி, மதகத் தொறந்தது யாரு? பேர மட்டும் சொல்லுங்க."

விளக்கத்துறை அமைச்சர் நல்லுரைநாதர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, யார் என்பது சிறிய கேள்வி. உலகில் தீமை ஏன் இருக்கிறது? அதுவல்லவா பெரிய கேள்வி!"

"எம்புள்ள செத்தது பெரிய விசயம் இல்லீங்களா?"

"பெரிய விஷயம்தான். அதனால்தான் சபை கூட்டுகிறோம்."

சபை கூடியது. தீமை என்று ஒன்றே கிடையாது, நன்மை குறைந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்றார் முதல் பண்டிதர். மனிதனுக்குக் கடவுள் தந்த சுதந்திரத்தின் விளைவு என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் மனநூல் கற்றவர். தீங்கு செய்பவன் சிறுவயதில் அன்பு காணாதவன், அவனுக்காக நாம்தான் அழவேண்டும் என்று சொல்லி விம்மினார். உடனே ஆணை பிறந்தது: மதகைத் திறந்தவருக்காகக் குடிகள் வாரம் ஒருநாள் அழவேண்டும். இருசாயியையும் வரிசையில் நிறுத்தினார்கள், அடப்பாவிகள்! அவள் தன் மகளை நினைத்து அழுதுவிடக்கூடாதே என்று ஒரு காவலன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றில் எது சரி என்று முடிவாகாததால் தேர்தல் வைத்தார்கள். மூன்று குடம், மூன்று கொடி. ஊர் மூன்றாக உடைந்தது. அதே வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த மாரப்பன், நன்மைக்குறைவுக் கொடியைத் தூக்கிக்கொண்டு இருசாயியிடம் சண்டைக்கு வந்தான். "இன்னும் என்ன யாரு யாருன்னு பெனாத்துற? நீ எந்தப் பக்கம், அதச் சொல்லு!"

அவள் எந்தக் குடத்திலும் ஓலை போடவில்லை. ஓலையைக் கையில் பிடித்தபடியே வெயிலில் மேலணைக்கு ஏறி வந்தாள். ஆமாம், வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். மதகுக்காவல்தான் என் உத்தியோகம்.

"அண்ணே, தொறந்தது யாருண்ணே?"

அரண்மனையிலிருந்து ஆள் வந்து திற என்றான், சங்கிலியை இழுத்தேன். முரசு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு யார்மேலும் பகையில்லை. சின்ன வயதில் என் அம்மா என்னை மடியைவிட்டு இறக்கியதே இல்லை. அன்று என் கவலையெல்லாம் மத்தியானச் சோறு ஆறிப்போகிறதே என்பதுதான்.

"தங்கச்சி, தீமைங்கறது ரொம்ப ஆழமான விசயம்மா..." என்று ஆரம்பித்தேன். மூன்று விளக்கங்களையும் பிசகாமல் ஒப்பித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு கீழே ஆற்றைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து பாத்தா எங்க பாத்தி நல்லாத் தெரியுதேண்ணே" என்றாள். ஓலையைச் சங்கிலிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இந்தக் கோடைக்கும் ஆற்றில் குடிசை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மணலில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. நாளை மறுநாள் தெப்பம் என்று செய்தி வந்திருக்கிறது. முரசு இன்னும் திரும்பி வரவில்லை.